ட்ராக்ல ரியாக்‌ஷன் டைம் சொதப்புதா? டைம் ஸ்லிப்ப வச்சே காரணத்த பிடிக்கலாம்

ட்ரேக் ரேஸ் ட்ராக்ல யார் வேணா வந்து சொந்த கார ஓட்டிப் பாக்கற டெஸ்ட் அண்ட் ட்யூன் நைட்டுக்கு, தெனம் ஆபீஸ் போற அதே கார எடுத்துட்டு போய் கால் மைல் ஓட்டிட்டு, கைல டைம் ஸ்லிப்ப (ஓட்டத்தோட நேரமெல்லாம் அச்சடிச்ச சீட்டு) வச்சுக்கிட்டு "ஆர்.டி. (ரியாக்‌ஷன் டைம்) ஏன் இப்படி வருது"ன்னு முழிக்கறவங்களுக்காக இத எழுதறேன். அமெரிக்கால லோக்கல் ஸ்ட்ரிப்புங்கள்ல என்.எச்.ஆர்.ஏ.ங்கற ட்ரேக் ரேஸ் அமைப்போட முறைல நடக்கற அமெச்சூர் ஓட்டம், டிலே பாக்ஸ், டிரான்ஸ்பிரேக் மாதிரி கெளம்பறதுக்கு உதவற ரேஸ் கருவி எதுவும் இல்லாத சாதாரண ஸ்ட்ரீட் கார், இத மனசுல வச்சுத்தான் எல்லாமே சொல்றேன். கலிஃபோர்னியா சோனோமால புதன்கிழமை ராத்திரி நடக்கற ட்ரேக்ஸ் மாதிரி எடத்துக்கு போறவங்களுக்கு அப்படியே பொருந்தும்.

எல்லாரும் பண்ற ஒரு விஷயம் என்னன்னா, ஸ்லிப்ல ஆர்.டி. வரிய மட்டும் பாத்துட்டு "நமக்கு ரிஃப்ளெக்ஸ் இல்ல"ன்னு முடிவு பண்ணிடறாங்க. அதுக்கு அடுத்த வரில 60 அடி நேரம் (முதல் 60 அடிய தாண்ட ஆன நேரம்) இருக்கு பாருங்க, அதையும் சேத்து படிச்சாதான் தப்பு உங்க கால்லயா, கார்லயா, இல்ல நீங்க கோட்டுல போய் நின்ன விதத்துலயான்னு தெரியும். எனக்கு தெரிஞ்சு பாதி பேருக்கு ரிஃப்ளெக்ஸ்ல ஒரு கொறையும் இல்ல, நிக்கற எடம்தான் ஒவ்வொரு தடவையும் மாறுது.

முதல்ல கோட்டுல என்ன நடக்குதுன்னு பாத்துடுவோம்

ஸ்டார்ட்டிங் லைன்ல தரைய ஒட்டி குறுக்க லைட் பீம் போகுது. முன் டயர் முதல் பீம மறைச்சா ட்ரீல (கோட்டுக்கு முன்னாடி நிக்கற லைட் கம்பம்) ப்ரீ-ஸ்டேஜ் பல்ப் எரியும், இன்னும் 7 இன்ச் முன்னாடி உருண்டா ரெண்டாவது பீம மறைச்சு ஸ்டேஜ் பல்ப் எரியும். ரெண்டும் எரிஞ்சா நீங்க ரெடி. பச்சை வந்ததுல இருந்து, உங்க முன் டயர் அந்த ஸ்டேஜ் பீம விட்டு முழுசா வெளிய வர்ற வரைக்கும் ஆகற நேரம்தான் ஆர்.டி. டயர் வெளிய வந்த அந்த கணத்துலதான் இ.டி. (கோட்டுல இருந்து முடிவு வரைக்கும் ஓட ஆகற நேரம்) கடிகாரமே ஓட ஆரம்பிக்குது. அதனால பச்சை வந்தப்பறம் நீங்க அஞ்சு செகண்ட் சும்மா உக்காந்திருந்தாலும் இ.டி. கெடாது, ஆனா ரேஸ் போயிடும். ஒருத்தர் 0.080 ஆர்.டி.யோட 13.90 ஓடறாரு, பக்கத்து லேன்காரர் 0.350 ஆர்.டி.யோட 13.70 ஓடறாரு, கூட்டி பாத்தா 13.98க்கு எதிரா 14.05, மெதுவான கார்தான் ஜெயிக்குது. ஹோல்ஷாட்டுன்னு சொல்றது இதத்தான்.

இன்னொன்னு ரோல்அவுட். டயரோட முன்பக்கம் பீம மறைச்சதுல இருந்து பின்பக்கம் அத விட்டு விலகற வரைக்கும் கார் உருளுற தூரம். சாதாரண கார் டயருக்கு கிட்டத்தட்ட ஒரு அடி வரும். கீழ சொல்லப்போற பாதி பிரச்சனைக்கு இந்த ஒரு அடிதான் காரணம், அதனால இத நல்லா மனசுல ஏத்திக்கங்க.

ஆர்.டி. எப்பவுமே 0.4, 0.5, 0.7ன்னு வருது, 60 அடி மட்டும் ஒரே மாதிரி இருக்கு

நீங்க பச்சைய பாத்துட்டு கெளம்பறீங்க, வேற காரணமே தேட வேணாம். ரோட்டு சிக்னல் பழக்கம் அது, ட்ராக்ல வேலைக்கு ஆகாது. ஸ்போர்ட்ஸ்மேன் ட்ரீல மூணு மஞ்சளும் ஒன்னுக்கு கீழ ஒன்னா அரை செகண்ட் இடைவெளில எறங்கும், கடைசி மஞ்சளுக்கு அப்பறம் அரை செகண்ட் கழிச்சு பச்சை. இப்ப கணக்கு போடுங்க. லைட்ட பாத்து உங்க கால் அசையவே சுமாரா 0.2 செகண்ட் ஆகும், அது மனுஷ உடம்பு. கார் ஓரளவு நல்லா கெளம்புச்சுன்னா, அதாவது அரை ஜி அளவுக்கு (ஒரு ஜின்னா புவியீர்ப்பு அளவு முடுக்கம்) இழுத்துச்சுன்னா, அந்த ஒரு அடிய உருண்டு தாண்ட இன்னொரு 0.35 செகண்ட். மொத்தம் 0.55. கடைசி மஞ்சள பாத்து கெளம்பினா அதுல 0.5 கழிஞ்சு ஸ்லிப்ல 0.050 வரும். பச்சைய பாத்து கெளம்பினா அந்த 0.55 அப்படியே வரும், நீங்க எவ்ளோ வேகமான ஆளா இருந்தாலும் சரி.

அதனால கண்ண கடைசி மஞ்சள் பல்ப் இருக்கற எடத்துலயே வச்சுக்கங்க, மேல ரெண்டும் எரியறத தொடர்ந்து பாத்துக்கிட்டே கீழ வராதீங்க, அந்த எடம் லேசா பளிச்சுன்னு ஆன ஒடனே கால் எறங்கணும். "இப்பவே போனா ரெட் அடிச்சுடுமே"ன்னு மனசு பயப்படும் (பச்சைக்கு முன்னாடியே டயர் பீம விட்டா ரெட் எரியும், ஸ்லிப்ல ஆர்.டி. மைனஸ்ல வரும், ரேஸ்னா தோல்வி), டெஸ்ட் நைட்டுல ரெட் அடிச்சா ஒன்னும் நஷ்டமில்ல, ஸ்லிப்ல நேரம் வந்துடும், தைரியமா பண்ணுங்க. ஒரு விஷயம் மட்டும் ட்ராக் ஆளுங்ககிட்ட கேட்டு வச்சுக்கங்க, அன்னிக்கு ஓடறது ஸ்போர்ட்ஸ்மேன் ட்ரீயா, ப்ரோ ட்ரீயான்னு. ப்ரோ ட்ரீல மூணு மஞ்சளும் ஒரே நேரத்துல எரிஞ்சு 0.4 செகண்ட்ல பச்சை வந்துடும், மேல சொன்ன கார்ல அங்க 0.150 வந்தா அது மோசமான நம்பர் இல்ல, அந்த காருக்கு அவ்ளோதான் வரும்.

கடைசி மஞ்சள்லயே கெளம்பறேன், இருந்தும் 0.2, 0.3

இப்ப கார பாக்கணும். நீங்க மிதிச்சதுக்கும் சக்கரம் உருள்றதுக்கும் நடுவுல எங்கயோ நேரம் போகுது. இந்த காலத்து கார்ல நான் முதல்ல பாக்கறது ஆட்டோ ஹோல்ட். பிரேக்க விட்டப்பறமும் அது பிடிச்சு வச்சிருந்து, நீங்க ஆக்சிலரேட்டர் மிதிச்சப்பறம்தான் விடும். அது ஆன்ல இருந்தா நீங்க என்னதான் பண்ணாலும் ஆர்.டி. எறங்காது. ஹில் அசிஸ்ட்டும் சில கார்ல இதே வேலைய பண்ணும். ஆட்டோ ஸ்டார்ட்-ஸ்டாப்ப ஆஃப் பண்ணுங்க, ப்ரீ-ஸ்டேஜ்ல நிக்கறப்ப இன்ஜின் அணைஞ்சு போய் நீங்க கால எடுக்கற நேரத்துல அது முழிச்சு எழுந்தா கதை முடிஞ்சது. ஈகோ மோட்ல பெடல் மந்தமா இருக்கும், ஸ்போர்ட்டுக்கு மாத்துங்க.

ஆட்டோமேட்டிக் கார்ல ஐடில்ல நின்னுட்டு ஒரே மிதியா மிதிக்காதீங்க. இடது கால் பிரேக்ல, வலது கால் ஆக்சிலரேட்டர்ல, டயர் பிரேக்க மீறி தள்ளாத அளவுக்கு ஆர்.பி.எம். ஏத்தி வச்சு, நிறைய கார்ல 1500, 2000 கிட்ட இருக்கும், லைட்டுக்கு பிரேக்க விடுங்க, விட்ட அதே நேரத்துல வலது கால் கீழ போகணும். டர்போ கார்னா இது இன்னும் முக்கியம், பூஸ்ட் லேசா ஏறியிருக்கும். சில கார்ல ரெண்டு பெடலையும் சேத்து மிதிச்சா கம்ப்யூட்டர் பவர கட் பண்ணிடும், அதுல லாஞ்ச் கன்ட்ரோல் இருந்தா அத பழகுங்க, இல்லன்னா டீப் ஸ்டேஜ்தான் வழி, கீழ வருது. மேனுவல் கார்னா கிளட்ச் எந்த உயரத்துல பிடிக்குதுன்னு கால் அறிஞ்சு வச்சிருக்கணும், முழுசா அழுத்தி வச்சு அங்கேர்ந்து விடறதுக்கு பதிலா பிடிக்கற எடத்துக்கு கொஞ்சம் கீழ வச்சு காத்திருந்தா பெடல் வர்ற தூரம் குறையும்.

ஆர்.டி. ஒரு ரன்ல 0.060, அடுத்ததுல 0.130, ஒரே மாதிரிதான் பண்ணேன்

இதுதான் எல்லாத்தையும் விட அதிகமா வர்ற கேள்வி, இதுக்குத்தான் அந்த 60 அடி வரி வேணும். ரெண்டு ஸ்லிப்பையும் பக்கத்துல பக்கத்துல வைங்க. முதல் ரன்ல ஆர்.டி. 0.060, 60 அடி 2.10ன்னு இருக்கு, ரெண்டாவதுல ஆர்.டி. 0.130, 60 அடி 2.03ன்னு இருக்குன்னு வச்சுக்குவோம். ரெண்டு ஸ்லிப்லயும் கூட்டி பாருங்க, ரெண்டுமே 2.16. அப்படின்னா லைட்டுல இருந்து 60 அடி போய் சேர்ற நேரம் மாறவே இல்ல. உங்க கால் சரியாத்தான் வேலை செஞ்சிருக்கு, காரும் அதே மாதிரிதான் கெளம்பியிருக்கு, மாறினது நீங்க பீம்ல எவ்ளோ உள்ள போய் நின்னீங்கங்கறது மட்டும்தான். முதல் ரன்ல மூணு நாலு இன்ச் அதிகமா உருண்டு நின்னிருக்கீங்க, அதனால டயர் சீக்கிரம் பீம விட்டுடுச்சு, ஆர்.டி. கொறஞ்சுது, ஆனா இ.டி. கடிகாரம் ஆரம்பிக்கறப்ப கார் இன்னும் வேகம் எடுக்கல, அதனால 60 அடி ஏறிடுச்சு.

கூட்டுத்தொகை மாறி, 60 அடி மட்டும் அப்படியே இருந்தா அது உங்க கண்ணும் காலும், பயிற்சிதான் மருந்து. ரெண்டுமே ஏறியிருந்தா கார் கெளம்பறப்ப டயர் சுத்தியிருக்கு இல்ல இன்ஜின் முக்கியிருக்கு. இந்த மூணு பிரிவுக்குள்ள எது உங்களோடதுன்னு தெரியாம பிராக்டிஸ் ட்ரீ (வீட்ல பழகற லைட் கருவி) வாங்கறதோ டயர் மாத்தறதோ வீண் செலவு.

நிக்கற எடம் மாறாம இருக்க ஒரே வழி, ஒரே சடங்க ஒவ்வொரு தடவையும் பண்றது. வேகமா உருண்டு வந்து ரெண்டு பல்பையும் ஒரே மூச்சுல ஏத்தாதீங்க. ப்ரீ-ஸ்டேஜ் எரிஞ்ச ஒடனே முழுசா நில்லுங்க. மூச்சு விடுங்க, ஜன்னல் ஏத்தியாச்சா, கியர் சரியான்னு பாருங்க. அப்பறம் பிரேக்க முழுசா விடாம, பெடல்ல கால் பாரத்த கொஞ்சம் கொஞ்சமா கொறைச்சா கார் ஒரு இன்ச், ஒரு இன்ச்சா நகரும், பிரேக் பேட் லேசா முனகற சத்தம் கேக்கும், ஸ்டேஜ் பல்ப் மினுக்குன்னு எரிஞ்ச அந்த நொடி கால அழுத்தி நிறுத்துங்க. இதுதான் ஷாலோ ஸ்டேஜ். முழு ரோல்அவுட்டும் கெடைக்கும், இ.டி. நல்லா வரும், முக்கியமா இது திரும்ப திரும்ப அதே எடத்துல வரும், ஏன்னா பல்ப் எரியற நொடிய உங்க கண்ணால பாக்க முடியுது. ஆட்டோமேட்டிக்ல பிரேக்க அழுத்தி ஆர்.பி.எம். ஏத்தறப்ப கார் அரை இன்ச் முன்னாடி ஊர்ந்துடும், அதனால ஸ்டேஜ் பல்புக்கு முன்னாடியே கொஞ்சம் ஆர்.பி.எம். வச்சுக்கிட்டு அதோட ஊர்ந்து வந்து நிக்கறவங்களுக்கு ஆர்.டி. அதிகமா ஆடாது.

ஸ்டேஜ் எரியுது, ஆனா ப்ரீ-ஸ்டேஜ் அணைஞ்சு போச்சு

ஸ்டேஜ் பல்ப் எரிஞ்சப்பறமும் இன்னும் அஞ்சு இன்ச் கிட்ட உருண்டிருக்கீங்க, டயரோட பின்பக்கம் முதல் பீம விட்டு வெளிய வந்துடுச்சு. இது டீப் ஸ்டேஜ். தெரியாம நடந்தா, எதிராளி இன்னும் ஸ்டேஜ் ஆகலன்னா, ஸ்டார்ட்டர் (கோட்டுல ஓட்டத்த ஆரம்பிச்சு வைக்கற அதிகாரி) தடுக்கலன்னா, பின்னாடி எடுத்து ரெண்டு பல்பும் அணைஞ்சப்பறம் மறுபடி முன்னாடி உருண்டு வந்து நில்லுங்க. கடைசி அசைவு முன்னோக்கித்தான் இருக்கணும், பின்னாடி நகர்ந்து ஸ்டேஜ் பண்றத ஒத்துக்க மாட்டாங்க. எதிராளி ஏற்கனவே ஸ்டேஜ் ஆகிட்டாருன்னா எதையும் தொடாதீங்க, ட்ரீ எப்ப வேணாலும் எறங்கும். அந்த மாதிரி நேரத்துல வழக்கம் போல கெளம்பினா ரெட்தான், ஒரு துளி தாமதிச்சு போங்க.

தெரிஞ்சே டீப் போறது வேற. கார் மந்தமா கெளம்புது, கடைசி மஞ்சள்லயும் 0.150க்கு கீழ எறங்கவே மாட்டேங்குது, அப்படிப்பட்டவங்களுக்கு இது நல்ல மருந்து. ரோல்அவுட் பாதியாச்சுன்னா மேல சொன்ன அரை ஜி கார்ல ஆர்.டி. கிட்டத்தட்ட 0.1 செகண்ட் கொறையும், இ.டி. கிட்டத்தட்ட அதே 0.1 ஏறும். அப்ப லாபம் எங்கன்னு கேப்பீங்க. நேருக்கு நேர் ஓட்டத்துல லாபம் ஒன்னுமில்லன்னே சொல்லலாம், ஆறு இன்ச் முன்னாடி நின்னதுக்கு ஃபினிஷ் கோட்டுல ஆயிரத்துல மூணு நாலு பங்கு செகண்ட் கெடைக்கும், அவ்ளோதான். ப்ராக்கெட் ரேஸ்ல (ஒவ்வொருத்தரும் தன் கார் ஓடப்போற இ.டி.ய முன்னாடியே சொல்லி, மெதுவான காருக்கு அந்த வித்தியாசம் முன்னாடி லைட் கெடைக்கற ரேஸ்) மட்டும் முழு லாபம், ஏன்னா அங்க ஏறின இ.டி.ய டயல்-இன்ல, அதாவது முன்னாடியே சொல்ற அந்த நேரத்துல, எழுதிடலாம், கொறஞ்ச ஆர்.டி. சுத்தமா உங்களுக்கு மிச்சம். ஆனா டைம் ட்ரயல்லயும் (ரேஸுக்கு முன்னாடி ஓட்டிப் பாக்கற ரன்) டீப்லயே ஓடி அந்த நம்பர டயல் பண்ணணும். ஷாலோல 14.00 ஓடிட்டு அத டயல் பண்ணி, ரேஸ்ல டீப் போனா 14.10 ஓடும், ஆர்.டி.ல மிச்சமானது அதுலயே போயிடும். தலைகீழா, டீப்ல ஓடி 14.10 டயல் பண்ணிட்டு ரேஸ்ல ஷாலோ நின்னா ப்ரேக்அவுட், அதாவது டயல் பண்ணத விட வேகமா ஓடி தோக்கறது. சில க்ளாஸ்ல, சில ட்ராக்ல டீப்ப அனுமதிக்கறதே இல்ல, முன்னாடியே கேட்டுடுங்க. அனுமதிக்கற எடத்துலயும், கார் கண்ணாடில பெருசா டீப்னு எழுதி வச்சா ஸ்டார்ட்டர் உங்களுக்காக ஒரு நொடி பாக்க வாய்ப்பு இருக்கு, கட்டாயம்னு யாரும் சொல்லல.

ரெட் அடிக்குது

முதல்ல எவ்ளோ ரெட்டுன்னு பாருங்க. -0.010, -0.020ன்னா அது நல்ல செய்தி, உங்க கால் சரி, கார மட்டும் கொஞ்சம் மந்தமாக்கணும். இதுக்கு "அடுத்த தடவை கொஞ்சம் பொறுத்து போறேன்"னு முடிவு பண்றவங்கதான் அதிகம், அத பண்ணாதீங்க, பொறுக்கறதுக்கு அளவே கெடையாது, 0.02 பொறுக்க நெனைச்சு 0.15 பொறுத்துடுவீங்க. காலுக்கு பழகினத அப்படியே விட்டுட்டு, லாஞ்ச் ஆர்.பி.எம்.ம 200, 300 கொறைங்க, இல்லன்னா முன் டயர்ல காத்து கொஞ்சம் கொறைங்க. காத்து கொறஞ்சா டயர் அமுங்கி பீம் உயரத்துல அகலமாகும், ரோல்அவுட் கூடும், ஆர்.டி. லேசா ஏறும். கூட்டினா நேர்மாறு. பெரிய முன் டயர் போட்டாலும் ரோல்அவுட் கூடும்.

எலக்ட்ரிக் கார்காரங்களுக்கு தனியா சொல்லணும். 0.8 ஜில பிடிச்சு இழுக்கற கார் அந்த ஒரு அடிய 0.28 செகண்ட்ல தாண்டிடும், உங்க 0.2 சேந்தா 0.48, கடைசி மஞ்சள்ல கெளம்பினா -0.020. நீங்க எந்த தப்பும் பண்ணல, அந்த காருக்கு அந்த பல்ப் சீக்கிரம். கடைசி மஞ்சள் முழுசா பளபளன்னு எரியறத பாத்து கெளம்பி பழகுங்க, இல்லன்னா லாஞ்ச் மோட விட்டுட்டு சாதாரணமா போங்க.

-0.300, -0.400ன்னு வந்தா அது கண்ணு ஏமாந்த ரெட். ப்ராக்கெட்ல மெதுவான காருக்கு முதல்ல லைட் எறங்கும், வேகமான கார்ல இருக்கற நீங்க பக்கத்து மஞ்சள பாத்து பாய்ஞ்சிருப்பீங்க. ட்ரீல எதிராளி பக்கம் கண்ல படாத மாதிரி ஹெல்மெட்ல மறைப்பு ஒட்டிக்கறது நிறைய பேர் பண்ற வழக்கம், நல்லா வேலை செய்யும்.

கார் முன் பம்பர், ஸ்ப்ளிட்டர் ரொம்ப கீழ தொங்கற மாதிரி இருந்து, காரணமே புரியாம ரெட் வருதுன்னா, ஸ்டேஜ் பீமுக்கு 13 3/8 இன்ச் முன்னாடி இருக்கற கார்ட் பீம அது தொட்டுடுது. டயர் இன்னும் ஸ்டேஜ் பீம விடாதப்பவே அந்த பீம் மறைஞ்சா சிஸ்டம் ரெட் போட்டுடும். பம்பர தூக்கறத தவிர இதுக்கு வேற வழி இல்ல.

நான் ரெடி ஆகறதுக்குள்ள ட்ரீ எறங்கிடுது

நிறைய ட்ராக்ல ஆட்டோஸ்டார்ட் இருக்கு. ரெண்டு பேரும் ப்ரீ-ஸ்டேஜ் ஆகி, ஒருத்தர் ஸ்டேஜ் ஆகிட்டா, அடுத்தவருக்கு கொஞ்ச செகண்ட்தான் டைம், அதுக்குள்ள வரலன்னா அவருக்கு ரெட். ரெண்டு பேரும் ஸ்டேஜ் ஆனா ட்ரீ ஒடனே எறங்கிடும். அதனால ஸ்டேஜ் பல்ப் எரிஞ்சப்பறம் பண்ண வேண்டிய வேலைன்னு எதையும் மிச்சம் வைக்காதீங்க, டிராக்‌ஷன் கன்ட்ரோல் பட்டன், கியர், கண்ணாடி எல்லாம் ப்ரீ-ஸ்டேஜ்லயே முடியணும். எதிராளியும் ப்ரீ-ஸ்டேஜ் ஆகற வரைக்கும் நீங்க ஸ்டேஜுக்கு போகாம நிக்கறது மரியாதை, அதே மரியாதைய அவங்களும் காட்டுவாங்க.

ஆர்.டி.யும் 60 அடியும் சேந்து ஏறுது

டயர் பிடிக்கல. சாதாரண ரோட்டு டயர் போட்டவங்க வாட்டர் பாக்ஸுக்குள்ள (கோட்டுக்கு பின்னாடி டயர நனைக்கற எடம்) போகவே போகாதீங்க, சுத்தி ஓரமா வாங்க. டயர் பள்ளங்கள்ல தண்ணி ஏறி, கோட்டுல வந்து நிக்கறப்ப ஒழுகி, உங்க டயருக்கு கீழயே குட்டை கட்டும், பின்னாடி வர்றவருக்கும் அதே தொந்தரவு. காஞ்ச எடத்துல லேசா ஒரு சுத்து சுத்தி மண்ண உதறினா போதும்.

வீட்ல நல்லா வருது, ட்ராக்ல வரல. ஒரு ட்ராக்ல நல்லா வருது, இன்னொன்னுல வரல

போன் ஆப்ல கட்டை விரலால தட்டி பழகறது கண்ணுக்கு பயிற்சி, காலுக்கு இல்ல. பிராக்டிஸ் ட்ரீ வச்சிருந்தா கால் பெடலோட, ட்ராக்குக்கு போடற அதே ஷூவோட உக்காந்து பழகுங்க. 13.99, அதுக்கும் வேகமா ஓடற காருக்கு என்.எச்.ஆர்.ஏ. ரூல்படி ஹெல்மெட் கட்டாயம், அப்படின்னா ஹெல்மெட்டையும் மாட்டிக்கிட்டே பழகுங்க, பார்வை மாறும்.

ட்ராக் மாறினா நம்பர் மாறறதுக்கு காரணம் நிறைய. பீம் தரைல இருந்து எவ்ளோ உயரத்துல இருக்குங்கறது கொஞ்சம் மாறினாலும் ரோல்அவுட் மாறும். பழைய இழை பல்ப் ட்ரீல பல்ப் சூடாகி எரிய ஒரு கணம் எடுக்கும், எல்.இ.டி. பட்டுன்னு எரியும், அதனால பழைய ட்ரீல பழகினவங்க எல்.இ.டி. ட்ரீக்கு வந்தா முதல் ரன்லயே ரெட் அடிக்கறது சகஜம். சாயங்காலம் சூரியன் ட்ரீக்கு பின்னாடி எறங்கற ட்ராக்ல கடைசி மஞ்சள் மங்கலா தெரிஞ்சு எல்லாருக்குமே ஆர்.டி. ஏறும், இருட்டினப்பறம் எறங்கும். புது ட்ராக்ல முதல் ரன்ன ஷாலோல, பழகின ஆர்.பி.எம்.ல, எதையும் மாத்தாம ஓடுங்க. ஸ்லிப்போட பின்பக்கத்துல ஷாலோவா டீப்பா, ஆர்.பி.எம்., முன் டயர் காத்து, எந்த லேன், மணி என்னன்னு எழுதி வைங்க, மாத்தறத ரெண்டாவது ரன்ல இருந்து, ஒரு நேரத்துல ஒன்னு மட்டும் மாத்துங்க.